சும்மா கிடைத்த குவளை

ஹாப்லி கிராமத்துப் பப்புக்கு நூற்றைம்பது வருஷமாகக் 'கடாத்தலை' என்றுதான் பெயர். வாசல் பலகையில் கொம்பு சுருண்ட ஒரு செம்மறிக்கடா, குடிக்க வந்தவனைப் போல அல்லாமல் குடித்து முடித்தவனைப் போல, ஒரு கண்ணைச் சற்றே சொருகிக்கொண்டு ரோட்டைப் பார்த்திருக்கும். போன வருஷம் செஷயர் பக்கத்திலிருந்து வந்த ஜாஸ்பர் என்கிறவன் அதை வாங்கினான். எட்டு மாதம் மூடிப்போட்டு, சுவரை இடித்து, தரையைத் தேய்த்து, வெளியே சாம்பல் நிறம் பூசி, 'கடாவும் ரோஸ்மேரியும்' என்று பெயர் மாற்றித் திறந்தான். குடிக்கிற இடம் சாப்பிடுகிற இடமாயிற்று.

"வேகவைக்கிறப்போ போடற தழையையும் பேர்லயே சேத்துட்டான். அந்தக் கடாவுக்கு இனிமே தன் எதிர்காலத்தைப் பத்திச் சந்தேகமே வராது" என்றார் மெர்வின் பெடோஸ், பப்பின் முற்றத்தில் லேண்ட்ரோவரை நிறுத்தியபடி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டோரீன் சிரிக்கவில்லை. அவள் சிரித்து மூன்று வருஷம் எட்டு மாதம் ஆகிறது. மெர்வின் ஆட்டு வியாபாரி. எழுபத்தொரு வயதில் ஒரு ஆட்டின் எடையைக் கண்ணால் பார்த்தே சொல்லுவார், தப்பாது. மனைவியின் மௌனத்துக்கு மட்டும் எடை சொல்ல வரவில்லை.

"உள்ள போனதும் நேரா கேட்டுடு. காரெத்தோட குவளை, எங்க பையனோடது, வேணும்னு. அவ்வளவுதான். வேற பேச்சு வேணாம்" என்றாள்.

"சரி."

"சரின்னு சொல்லு."

"சரின்னுதானே சொன்னேன்."

"உன் சரி எனக்குத் தெரியும், மெர்வின்."

அவள் இந்த மூன்று வருஷத்தில் அவரிடம் எதையும் கேட்டதில்லை. உப்பு எடு, கதவைச் சாத்து, கால்நடை டாக்டர் போன் பண்ணினார் என்கிற அளவில் குடித்தனம் நடந்தது. வியாழக்கிழமைதான் முதல் தடவையாக ஒன்று கேட்டாள். அன்றைக்கு ஐரிஸ் டட்ஜ் முட்டை வாங்க வந்திருந்தாள். புதுப் பப்பில் மகள் குடும்பத்தோடு சாப்பிட்டதாகச் சொன்னாள். சாப்பாடு ரொம்ப நன்றாக இருந்தது என்றாள். முட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, வறுத்த உருளைக்கிழங்கு சிப்ஸை ஒரு ஈயக்குவளையில் போட்டுக் கொண்டுவந்தார்கள், அதில் காரெத்தின் எழுத்து இருந்தது என்றும் சொன்னாள்.

அங்கேயே அவர்களிடம் சொல்லவில்லையா என்று டோரீன் கேட்டாள்.

"சொல்றதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு, டோரீன்" என்றாள் ஐரிஸ்.

அந்தப் பள்ளத்தாக்கில் அது ஒரு முழுமையான பதில். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வீடு பற்றி எரிந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று வாசலில் காத்திருக்கிற ஜனங்கள்.

ஹாப்லியில் பையனுக்கு இருபத்தொரு வயது ஆனால் அப்பன் ஒரு ஈயக்குவளை வாங்கி, பேரின் முதல் எழுத்துகளைப் பொறித்து, கடாத்தலையில் கொடுத்துவைப்பது வழக்கம். கவுண்ட்டருக்கு மேலே உத்தரத்தில் வரிசையாகக் கொக்கி. அவனவன் கொக்கியில் அவனவன் குவளை. ஆள் செத்தால் குவளையை எடுக்கமாட்டார்கள். வாய் கீழே பார்க்கக் கவிழ்த்துத் தொங்கவிடுவார்கள். அதில் யாரும் குடிக்கக் கூடாது, துடைக்கக்கூடக் கூடாது. காரெத்தின் குவளையின் அடிவிளிம்பில் ஒரு நசுங்கல் உண்டு. இன்னொன்று ஊற்று என்பதை அவன் வாயால் சொல்லமாட்டான், குவளையால் கவுண்ட்டரில் தட்டுவான்.

அவன் இறந்த பிறகு பெற்றவர்கள் இருவரும் கடாத்தலை இருக்கும் ரோட்டிலேயே போகவில்லை. சந்தைக்குப் போக நாலு மைல் சுற்றுவழி இருந்தது, அதில் போனார்கள். பப்பை மூடும்போது, குவளைக்கு உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கதவில் ஒரு மாதம் அறிவிப்பு ஒட்டியிருந்ததாம். மற்றவர்கள் எடுத்தார்கள். பெடோஸ் வீட்டுக்குச் சொல்ல எல்லாருக்குமே ஒரு மாதிரியாக இருந்திருக்கும்.

உள்ளே போனார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி, முக்கால்வாசி மேஜை நிறைந்திருந்தது. உட்கார்ந்திருந்தவர்களில் ஹாப்லிக்காரர் ஒருவரும் இல்லை. பழைய புகைக்கறை போய் உத்தரம் சந்தன நிறத்தில் இருந்தது. கொக்கிகள் இருந்த இடத்தில் துளைகளை மர மாவு வைத்து அடைத்திருந்தார்கள். மெர்வின் காரெத்தின் கொக்கி இருந்த ஏழாவது துளையைப் பார்த்தார். பிறகு பார்க்காதவர் போல, பரிமாறும் பெண் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த இடத்தில் தட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சாப்பாடு வந்தது. ரொட்டி ஒரு மரப்பலகையில், பாலாடைக்கட்டி கூரைக் கல்லில். நம் கொட்டகைக் கூரையிலிருந்து காற்றில் பறந்துபோன கல் எங்கே போயிற்று என்று இப்போதுதான் தெரிகிறது என்றார் மெர்வின். 'ஹாப்லி சரிவுகளில் மேய்ந்த இளங்குட்டியின் தோள்பட்டை' என்று மெனு அட்டையில் போட்டிருந்ததை இரண்டு பேருக்கும் கொண்டுவரச் சொன்னார். வந்தபோது எலும்பைக் கத்தியால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். இந்தக் குட்டி ஹாப்லி சரிவைப் பார்த்திருக்க வேண்டுமானால் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் வழியில் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் பரிமாறும் பெண் வந்து எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டபோது, "ரொம்ப நல்லாயிருக்கு, நன்றி" என்றார். அந்த ஊரில் கல் கடித்துப் பல் உடைந்தாலும் அதுதான் பதில்.

டோரீன் கத்தியையும் முள்கரண்டியையும் தொடவில்லை. "அங்க" என்றாள்.

பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம். நடுவில் மூன்று குவளைகள், மூன்றிலும் எண்ணெய்க் காகிதம் சுற்றிய சிப்ஸ். சன்னலோரம் இருந்ததன் அடிவிளிம்பில் நசுங்கல். ஒரு சின்னப் பெண் அதற்குள் விரலை விட்டுத் துழாவி, கடைசியாகக் கிடந்த ஒன்றை எடுத்துத் தின்றாள்.

டோரீன் எழுந்தாள். முகம் கழுவிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். இரண்டடி போய்த் திரும்பி, "நேரா கேளு" என்றாள்.

அவள் போன அரை நிமிஷத்தில் ஜாஸ்பர் வந்தான். நாற்பது வயது, சட்டைக் கையை முழங்கை வரை மடித்திருந்தான். ஒவ்வொரு மேஜையிலும் நின்று ஒவ்வொருவரிடமும் பேசுகிறவன். வேலையை விரும்பிச் செய்கிறான் என்பது தெரிந்தது. எல்லாம் பிடித்திருக்கிறதா என்று கேட்டான். மெர்வின் அருமை என்றார்.

இப்போது கேட்டுவிட வேண்டியதுதான். வாக்கியம் தயாராக இருந்தது. வண்டியில் டோரீன் சொல்லிக்கொடுத்ததேதான். ஆனால் ஐம்பத்தைந்து வருஷம் ஆட்டுப்பட்டிகளில் நின்ற மனுஷனுக்கு, வேண்டிய சாமானைக் கண்டதும் கண் தானாக வேறு பக்கம் திரும்பிவிடும். எந்த ஆடு வேண்டுமோ அதைத் தவிர எல்லா ஆட்டையும் தடவிப் பார்க்க வேண்டும். ஆசையைக் காட்டினவன் கயிற்றைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டான் என்று அவருடைய அப்பா சொல்லுவார். வேண்டும் என்று சொல்லி எதையும் வாங்கியதில்லை மெர்வின், கல்யாணத்துக்குப் பெண் கேட்டது உட்பட.

"அந்தத் தகரச் சாமானெல்லாம் எங்க புடிச்சீங்க?" என்று கேட்டார், பக்கத்து மேஜையைப் பார்க்காமலே.

"அதுவா சார்? இங்கயே தொங்கிட்டிருந்தது. நிறைய பேர் வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒரு ஆறு மிச்சம். யாரோடதுன்னு கேட்டுப் பாத்தேன், ஒருத்தரும் சொல்லல. தூக்கிப்போட மனசு வரல."

வேறொருவராக இருந்தால் அங்கே பேச்சு முடிந்திருக்கும். யாருடையது என்று கேட்கிற ஆளிடம், என்னுடையது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மெர்வின் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"போட்டிருக்கலாம். பழைய ஈயம். பாதிக்குப் பாதி காரீயம் கலந்திருப்பான், விஷம். அதுல எண்ணெயும் வினிகரும் சேந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

அது பொய். காரெத்தின் குவளையில் ஒரு குன்றிமணி காரீயம் கிடையாது. லட்லோ டவுன் கடையில் புதிதாக, சொன்ன விலையில் கொஞ்சம் குறைத்து அவரே வாங்கியது. சுத்தமான வெள்ளீயம் என்று அடியில் முத்திரையே உண்டு. ஆனால் பல் நல்ல ஆட்டைப் பார்த்துப் 'பல் போச்சே' என்பது சந்தையில் பொய்க் கணக்கில் சேராது. அது வணக்கம் சொல்கிற மாதிரி. எதிராளி உடனே ஆட்டின் வாயைத் திறந்து காட்டுவான், நாலு பேரைச் சாட்சிக்குக் கூப்பிடுவான், அவரும் விடமாட்டார், இப்படிப் போய் நடுவில் ஓரிடத்தில் இருவர் கையும் தட்டிக்கொள்ளும். சொன்னதை அப்படியே நம்புகிற வியாபாரியை மெர்வின் தன் ஆயுளில் கண்டதில்லை.

ஜாஸ்பர் சந்தைக்கே போனதில்லை.

அவன் பக்கத்து மேஜைச் சின்னப் பெண்ணின் விரல்களைப் பார்த்தான். வாசல் கண்ணாடியில் ஒட்டியிருந்த சுகாதாரத் துறையின் ஐந்து நட்சத்திர அட்டையைப் பார்த்தான். "நிஜமாவா சார்? எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது" என்றான்.

"பரவால்ல. தெரியாமப் பண்றதுதானே" என்றார் மெர்வின் பெருந்தன்மையாக. "எனக்குப் பழைய இரும்பு எடுக்கிற ஆள் ஒருத்தன் உண்டு. வேணும்னா அந்த ஆறையும் என் வண்டியில போட்டு அனுப்புங்க. உங்களுக்குத் தொந்தரவு விட்டுது."

ஜாஸ்பர் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பக்கத்து மேஜைக்குப் போய், மன்னிப்புக் கேட்டு, மூன்று குவளைகளையும் எடுத்தான். மற்ற மேஜைகளில் இருந்ததையும் சேகரித்துக்கொண்டு சமையலறைக்குள் போனான்.

மெர்வின் உருளைக்கிழங்கு ஒன்றைக் குத்தி வாயில் போட்டார். முதல் தடவையாக அதில் ருசி தெரிந்தது. இத்தனை வருஷ வியாபாரத்தில் இப்படி ஒன்று அமைந்ததில்லை. வேண்டிய சாமான், கேட்காமலே, சும்மா, விற்கிறவன் கையைப் பிடித்து நன்றி சொல்லித் தருகிறான்.

டோரீன் வந்தாள். பக்கத்து மேஜையில் குவளைகள் இல்லாததைக் கண்டு நின்றாள்.

"எங்க?"

"வருது. உக்காரு."

"கேட்டியா?"

"சும்மாவே குடுக்கிறான். ஆறையும்."

"நம்ம பையனோடதுன்னு சொன்னியா?"

"அதைச் சொல்லியிருந்தா புடிச்சு வெச்சுக்குவான், டோரீன். கதை உள்ள சாமான்னா இவங்களுக்கு உயிரு. கண்ணாடிப் பெட்டியில வெச்சு, கீழ சீட்டு எழுதிடுவான்."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் முன்னால் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார். மரண விசாரணை நடந்த கூடத்தில்.

டிராக்டர் விஷயமும் இப்படித்தான் ஆரம்பித்தது. கன்பரி மலைக்கு அந்தப் பக்கம் ஒரு விதவை, புருஷனின் பழைய டிராக்டரை விற்றாள். ஓட்டுகிறவன் தலைக்கு மேல் இரும்புக் கூண்டு போட்டிருந்தது, வண்டி கவிழ்ந்தால் ஆள் நசுங்காமல் இருக்க. விலையில் அவள் கொஞ்சமும் இறங்கவில்லை. சரி, அந்தக் கூண்டு எனக்குப் பாரம், அதைக் கழற்றி நீயே வைத்துக்கொள், அதற்கு உண்டானதைக் குறை என்றார் மெர்வின். குறைத்தாள். வேறு கூண்டு அப்புறம் மலிவாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தார். மார்ச் மாத ஈரத்தில், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சரிவில், ஆடுகளுக்கு வைக்கோல் கொண்டுபோன காரெத்தோடு டிராக்டர் கவிழ்ந்தது. கூண்டு ஏன் இல்லை என்று விசாரணை அதிகாரி கேட்டார். மெர்வின் சொன்ன பதிலில் எவ்வளவு குறைத்தார் என்பதும் இருந்தது. கேட்காமலே சொன்னார், பழக்கம்.

சமையலறையிலிருந்து 'தொம்' என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று.

"கறியை அடிக்கிறாங்க" என்றார் மெர்வின். "இளங்குட்டின்னு போட்டிருந்தாங்களே, அதோட பாட்டியாத்தான் இருக்கும்."

தொம். தொம். டோரீன் மெல்ல உட்கார்ந்தாள். அந்தச் சத்தத்தில் ஈரமே இல்லை. கறியை அடித்தால் அப்படிக் கேட்காது என்பது, ஞாயிறுதோறும் கறி அடித்தவளுக்குத் தெரியும். மெர்வினுக்கும் தெரிந்திருக்க வேண்டும். முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

ஜாஸ்பர் ஒரு காகிதப் பையோடு வந்தான். பையின்மேல் கடாத்தலையும், அதன் வாயோரம் ஒரு கொத்து ரோஸ்மேரியும் அச்சடித்திருந்தது.

"ரொம்ப ரொம்ப நன்றி சார். எங்க சமையல்காரர் ஒரு யோசனை சொன்னார். யாராவது தெரியாம மறுபடி எடுத்து எதாவது ஊத்திக் குடிச்சிடக் கூடாதில்ல? அதான் தட்டியே குடுத்துட்டார். உங்க வண்டியிலயும் இடம் அடைக்காது" என்றான். இன்றைய சாப்பாடு தன்னுடையது என்றும், ஏதாவது இனிப்பு சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் சொன்னான்.

மெர்வின் கை நீட்டவில்லை. டோரீன்தான் வாங்கினாள். ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஈயம் மெத்தென்ற உலோகம். நாலு அடிக்கு மேல் தாங்காது. ஆறும் கைப்பிடி பக்கவாட்டில் மடங்கி, வட்டத்தட்டுகளாகிக் கிடந்தன. நாலாவதில் பெரிய எழுத்துகள் இரண்டு, சற்று அகன்று, ஆனால் அழியாமல் இருந்தன. அதற்குக் கீழே ஒரு பிறந்தநாள். பக்கத்தில் குவளை அடிப்பாகத்து முத்திரை, சுத்தமான வெள்ளீயம் என்று சொல்லிக்கொண்டு. அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது எங்க பையனோடது" என்றாள்.

"புரியலங்க."

"எங்க பையன். காரெத். மூணு வருஷம் முன்னாடி டிராக்டர் கவுந்து செத்துட்டான். இதை வாங்கிட்டுப் போகத்தான் வந்தோம்."

குரலை அவள் உயர்த்தவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் சன்னலுக்கு வெளியே எதையோ கவனிக்க ஆரம்பித்தார்கள்.

ஜாஸ்பர் மெர்வினைப் பார்த்தான். "ஆனா சார்தான் சொன்னார், காரீயம்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். முட்டாள் இல்லை அவன். கொஞ்ச நேரத்தில் அவன் முகத்தில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயிற்று. கோபம்கூட வந்தது, ஆனால் அதை அங்கே வைத்துக்கொள்ள இடமில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நானே கழுவித் தொடைச்சு வீட்டுக்குக் கொண்டுவந்து குடுத்திருப்பேன்" என்றான்.

"தெரியும்" என்றாள் டோரீன்.

அவன் மன்னிப்புக் கேட்டான். அவன் கேட்க வேண்டியதே இல்லை, ஆனாலும் இரண்டு தரம் கேட்டுவிட்டுப் போனான்.

மெர்வின் மேஜையில் கிடந்த மற்ற ஐந்து தட்டுகளையும் பார்த்தார். ஹாரி ப்ரீஸின் குவளை. கில்லியம் சகோதரர்கள் இருவருடையது. வாரிசு இல்லாமல் போனவர்கள். ஐந்து பேரின் சவப்பெட்டிக்கும் தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

"அந்த டிராக்டர்காரி" என்றாள் டோரீன், மடியைப் பார்த்துக்கொண்டே. "அடக்கத்துக்கு வந்திருந்தா. கல்லறையில என் கையைப் புடிச்சுக்கிட்டு இதையேதான் சொன்னா. வீட்ல சின்னப் பையன்தான் ஓட்டப்போறான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கூண்டைச் சும்மாவே விட்டிருப்பேன்னு."

மெர்வின் நிமிர்ந்தார். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார்.

டோரீன் யோசித்தாள். மடியிலிருந்து கண்ணை எடுத்து அவரை நேராகப் பார்த்தாள்.

"சொல்றதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றாள்.

குவளையைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனாள். மழை பிடித்திருந்தது. சன்னல் வழியாக மெர்வின் பார்த்தார். லேண்ட்ரோவரின் முன் கதவருகே நின்றாள். பிறகு சுற்றிப் போய்ப் பின்கதவைத் திறந்து, வைக்கோலும் கயிறும் நாய்ப் போர்வையும் கிடக்கிற இடத்தில் ஏறி உட்கார்ந்து, உள்ளிருந்து சாத்திக்கொண்டாள்.

பரிமாறும் பெண் வந்து, தொடாத பலகையையும் தின்ற பலகையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அவளுக்கு எதுவும் தெரியாது. இவ்வளவு நேரமும் கூடத்தின் மறுகோடி மேஜைகளில் வேலையாக இருந்தாள்.

"எல்லாம் நல்லாயிருந்துச்சா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லாயிருந்துச்சு" என்றார் மெர்வின். "நன்றி."